எங்கள் கோலுக்கு மட்டும் ஊதும் சங்கு

சட்டைக்குப் பை உண்டு, ஜெர்சிக்குப் பை கிடையாது, இவ்வளவுதான் விஷயம், இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்கத் தெரியாத மனிதரோடுதான் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கொடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்குகிறது. பையில் செல்போன். செல்போனுக்குப் பின்னால் மாத்திரை அட்டை. நெஞ்சைப் பிடித்தால் தண்ணீர்கூட வேண்டாம், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த மாத்திரை. வாசலை எங்கே தாண்டினார், கொல்லைப்புறமாக அல்லவா போயிருக்கிறார். "சும்மா மேட்ச் பார்க்கத்தான் போறேன் ரெஜி, கேலரியில உக்காந்து கை தட்டிட்டு வந்துருவேன்" என்று குளித்துக்கொண்டே குரல் கொடுத்தார், நானும் நம்பினேன். கான்வென்ட்டில் படித்தவளுக்கு இருக்கிற வியாதி அது, மரியாதையான குரலில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது. கை தட்டப் போகிறவர் டிரங்குப் பெட்டியை எதற்குத் திறந்தார்? பச்சை ஜெர்சி இருந்த இடத்தில் இரண்டு அந்துருண்டை உருண்டு கிடக்கிறது. ஆக, சட்டையைக் கழற்றினார், ஜெர்சியை மாட்டினார், மாட்டின சந்தோஷத்தில் பையை மறந்தார், ஐம்பத்தெட்டு வயதில், நெஞ்சுக்குள் ஸ்டென்ட் என்று ஒரு கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு. டாக்டரிடம் என்ன பேச்சு பேசினார் அன்றைக்கு. "கோல்கீப்பர் ஓடறதில்ல டாக்டர், நிக்கறதுதான் வேலை." அந்த டாக்டர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பையன், "நிக்கலாம் சார், தாராளமா நில்லுங்க" என்றான். நான்தான் குறுக்கே புகுந்தேன், "டாக்டர், இவர் நிக்க மாட்டார், விழுவார், விழறதுக்குத்தான் கம்பெனி இவருக்குச் சம்பளம் கொடுத்துச்சு." இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கட்டிலில் படுத்துக்கொண்டு, மூக்கில் குழாயோடு, கோல் போட்டுவிட்டுப் போகிற எதிராளியைப் பார்க்கிற மாதிரி. சரி, யாராவது கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்றால் யார் இருக்கிறார்கள், எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்று வீடு தவிர எல்லாம் பூட்டு, பூட்டும் துரு. நானே போகலாமே என்றால், நேற்று ராத்திரி சாப்பாட்டில் என்ன சொன்னேன், மகளைப் போனில் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, "நீங்க கோல்ல நின்னீங்கன்னா அந்த கிரவுண்டுப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்." சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை.

குக்கர் விசில் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வரமாட்டேன் என்கிறது. ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி போகிறது, கேஸ்கெட் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஈஸ்டருக்கே சொன்னேன். உலகத்துக்கெல்லாம் வால்வு செய்து அனுப்பின கம்பெனிக்காரர் வீட்டில் குக்கருக்கு அடைப்பான் சரியில்லை. கருமலை வால்வ்ஸ் லிமிடெட். அந்தப் பெயர்ப் பலகையில் இப்போது 'கருமலை' இருக்கிறது, மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது. உள்ளே வேகிறது கொண்டைக்கடலை, மேட்ச் முடிந்ததும் சமூகக் கூடத்தில் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இது எங்கள் வீட்டுப் பங்கு. கடைசி மேட்ச். திங்கட்கிழமை காலை வேலி போட வருகிறார்கள், கிரவுண்டை வாங்கினவர்கள் குடோன் கட்டப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை ஆடிவிடுவோம் என்று கிழவர்களுக்குள் போன் பறந்தது. எதிர்த்து ஆட யார் கிடைத்தார்கள்? அதே தோல்ஷாப் டீம். ஊருக்கு அந்தப் பக்கம் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஃபேக்டரி, அதுவும் மூடியாயிற்று, நாற்றம் மட்டும் மழைக்காலத்தில் இன்னும் டூட்டிக்கு வருகிறது. அவர்கள் கெட்டிக்காரர்கள், பாதி கிழவர், பாதி கிழவர்களின் பிள்ளைகள். இருபத்திரண்டு வயதுப் பையன் ஓடிவந்து அடிக்கிற பந்துக்கு முன்னால் இவர் நிற்கப்போகிறார், வெறுங்கையோடு. வெறுங்கைதான், ஏனென்றால் கையுறை இரண்டும் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது, வெள்ளிக்கிழமையே நான் புதைத்துவிட்டேன். தேடியிருப்பார். அலமாரியைக் கலைத்துப் போட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. அரிசி டிரம்மை மட்டும் எந்த ஆணும் திறப்பதில்லை, சமையலறையில் ஒளித்தால் ஆண்டவருக்கே தெரியாது. கையுறை இல்லாவிட்டால் ஆட மாட்டார் என்று நினைத்தேன் பார், அது என் புத்தி. இப்போது கையுறையும் இல்லை, மாத்திரையும் இல்லை. விசில் வா, வா, சனியனே.

விசில் வராது, சங்காவது ஊதுகிறதா என்று காது அந்தப் பக்கமே போகிறது. பழக்கதோஷம். இந்தக் குவார்ட்டர்ஸில் நாங்கள் பெண்கள் ஃபுட்பால் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறோம். எங்கள் டீம் ஒரு கோல் போட்டால் ஃபேக்டரிச் சங்கு ஒரு தடவை சின்னதாக ஊதும், பூம் என்று, அவ்வளவுதான். தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் திருப்பினபடியே "ஒண்ணு" என்பாள், அடுத்த வீட்டிலிருந்து "ஒண்ணு" என்று பதில் வரும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ருமேனியாக்காரர். மெஷின் பொருத்த வந்த இன்ஜினியர், மிர்ச்சா என்று பெயர், மிர்ச்சா என்றால் மிர்ச்சி, மிர்ச்சி என்றால் மிளகாய், ஆகவே ஊருக்கு அவர் மிளகாய்த் துரை. ஆள் பார்க்கவும் அப்படித்தான் இருப்பார், திண்டுக்கல் வெயிலில் ஒரு மாதத்திலேயே பழுத்துவிட்டார். பகலில் மெஷின், சாயங்காலம் பந்து. லேத் ஓட்டுகிறவனையும் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவனையும் பிடித்து வரிசையாக நிற்கவைத்து ஓடவைத்தார், பத்தாததற்கு எம்.டி.யிடம் சொல்லி வெளியூரிலிருந்து ஆள் எடுத்தார், தூத்தூரிலிருந்து இரண்டு மீனவப் பையன்கள், கோலாரிலிருந்து ஒரு ஆள், மணப்பாறையிலிருந்து இவர், தனிஸ்லாஸ், கை நீளம் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் கிடையாது, ஃபிட்டர் என்று வேலை போட்டுக் கொடுத்தார்கள், ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஃபேக்டரி மூடுகிறவரைக்கும் சந்தேகம்தான். அந்தத் துரை வீட்டில் டீ பார்ட்டி என்றால் இங்கிலீஷ் தெரிந்த மனைவிமார்களைக் கூப்பிடுவார்கள், அதாவது என்னையும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சம்சாரத்தையும். அவள் கேக்கைத் தின்பாள், நான் பேச வேண்டும். அவர் ஊரிலும் இதே கதைதானாம். மலை அடிவாரத்தில் ஒரு ஃபேக்டரி, ஃபேக்டரிக்கு ஒரு கிளப், ஜில்லா ஆட்டத்தில் தொடங்கித் தேசத்துப் பெரிய டீம்களோடு ஆடுகிற வரைக்கும் போனார்களாம், கோல் விழுந்தால் சங்கு ஊதுமாம், ரொட்டி சுடுகிற பெண்கள் ஜன்னலைத் திறப்பார்களாம். நான் சும்மா இருக்காமல் கேட்டேன், எதிர் டீம் போடுகிற கோலுக்கு ஏன் ஊதுவதில்லை என்று. சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தார், எங்கள் குவார்ட்டர்ஸ் கதவைப் போய், அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வாட்ச்மேன் பீடி குடித்துக்கொண்டிருக்கிறான், அவர் ஊர்ப் பழக்கம், அவனுக்குப் பயந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், எங்கள் டைரக்டருக்குக் கெட்ட சத்தம் பிடிக்காது." அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அப்போது எல்லோருக்கும் சிரிப்புத்தான். மூன்றாவது டிவிஷன், இரண்டாவது, ஜில்லா சாம்பியன், மாநில லீக், கோழிக்கோட்டுக்குப் போய்க் கோப்பை, பட்டாசு, ஆட்டக்காரர்களுக்குத் தினம் இரண்டு முட்டை அரை லிட்டர் பால், கேன்டீனில் அவர்களுக்குத் தனி மேஜை, மற்ற தொழிலாளிகள் பொறாமைப்பட்டார்களா என்றால் அதுவும் இல்லை, தன் முட்டையையும் எடுத்து வைப்பார்கள், அப்படி ஒரு கிறுக்கு. ஞாயிறு பூசையில் ஃபாதர் சங்குச் சத்தத்துக்கு நிறுத்தி, எண்ணிக்கொண்டு, மறுபடி தொடங்குவார். நான் ஒரே ஒரு மேட்சுக்குப் போனேன், கல்யாணமான புதிதில், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, விவஸ்தை இல்லாமல் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன், இவர் முகம் தெரியவில்லையே முதுகையாவது பார்க்கலாம் என்று. அன்றைக்கு இவர் கைக்குள் வந்த பந்து வழுக்கி உள்ளே போயிற்று. அவ்வளவுதான், கோல்கீப்பர் பெண்டாட்டி கோலுக்குப் பின்னால் நின்றால் பந்து உள்ளே வரும் என்று ஒரு சட்டமே போட்டுவிட்டார்கள், அதோடு எல்லாருடைய பெண்டாட்டிகளுக்கும் தடை. டீம் கேப்டன் வீட்டுக்கே வந்து, "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த மேட்ச்லேருந்து நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றான். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். "உங்க கோல்கீப்பர் கைல வெண்ணெய் தடவினது நானில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு போகவில்லை, அவர்கள் வேண்டாம் என்றதால் அல்ல, நான் வேண்டாம் என்றதால். இதில் எனக்கு நடந்த அநியாயத்தை யாரும் யோசிக்கவில்லை. மற்றவள் புருஷன் கோல் போட்டால் சங்கு சொல்லும். என் புருஷன் தடுத்தால்? சத்தமில்லை. விட்டால்? அதற்கும் சத்தமில்லை. மொத்த ஊரில் சங்கே இல்லாத வேலை இவருடையது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து காலைக் கழுவுகிற சத்தத்தில்தான் நான் கண்டுபிடிப்பேன். தண்ணீரைச் செம்பு செம்பாக வீசினால் ஜெயம். குழாயைத் திறந்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு சும்மா நின்றால் பேசக் கூடாது, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நகர்ந்ததில்லை. "எத்தனை விட்டீங்க?" என்று கேட்டுவிடுவேன். நாக்கு என்ன செய்யும், அதற்கு அடியில் யாராவது மாத்திரை வைத்திருந்தால் அடங்கியிருக்கும்.

மாத்திரை. இதோ கையில் எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது கொடியிலிருந்து எடுத்தேன், அமுக்கினால் மொறுமொறுவென்கிறது அட்டை. இரண்டு எடுத்தாயிற்று, மிச்சம் இருக்கிறது. எப்போது இரண்டு எடுத்தார்? எனக்குச் சொல்லாமல் எப்போது? போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வார் அறுந்துவிட்டது என்றாரே, அப்போதா? செருப்பு நன்றாகத்தானே இருந்தது. பின்கதவில் யாரோ, ஜொகரா. காஜா மைதீன் மனைவி, காஜாதான் பாய்லர் அட்டெண்டர், அந்தக் காலத்தில் சங்குக் கயிற்றை இழுத்தவர், இப்போது பாய்லரே இல்லாமல் ஒரு கரண்ட் சங்கை கிரவுண்டை ஒட்டின டைம் ஆபீஸ் கூரையில் ஏற்றி, கல்யாண வீட்டு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து இணைத்திருக்கிறாராம். "அக்கா, கடலை வெந்துருச்சா? எங்க வீட்டுல காலைலேருந்து சோறு தண்ணி இல்லக்கா, அந்தச் சங்கைக் கட்டிக்கிட்டே கிடக்காக. ஒரு தடவையாவது ஊதிட்டுத்தான் மௌத்தாவேன்னு பேச்சு வேற." "உங்க வீட்டுல உக்காந்து ஊதறதோட சரி. எங்க வீட்டுல உள்ள எறங்கிட்டாரு." "யாரு, அண்ணனா? ஆடறாகளா?" முகத்தைப் பார்த்தால் சந்தோஷம், சண்டாளி. பிறகு என் கையைப் பார்த்தாள். "அது அவுக மாத்திரையில்ல?" "ஆமா. ஜெர்சிக்குப் பை கிடையாது." "அய்யோ, குடுங்கக்கா, நான் ஓடிக் குடுத்துட்டு வந்துர்றேன்." முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறவள் ஓடுகிறாளாம். "வேணாம். உன் காலுக்கு நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துடுவார்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. ஜொகரா வாயைப் பொத்திக்கொண்டாள், தன் வாயை அல்ல, என் வாயை, வெங்காயக் கையால். "ஒங்க நாக்குக்கு எலும்பே இல்லக்கா. போங்க. நீங்களே போங்க." "நான் போக மாட்டேன்னு சொல்லிட்டேன்." "சொன்னா என்ன, சத்தியமா பண்ணுனீக?" "அதைவிட மோசம். பொண்ணு முன்னாடி சொன்னேன்." அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள், போகும்போது அடுப்பை எட்டிப் பார்த்து, "கேஸ்கெட்டு போச்சுக்கா" என்றாள், எனக்குத் தெரியாததுபோல.

எல்லாவற்றுக்கும் ஒரு நாள் அடைப்பான் போகிறது. துரை போனார், எம்.டி. மாறினார், புது எம்.டி.க்கு கோல்ஃப். முதலில் பால் நின்றது. பிறகு முட்டை. தூத்தூர்ப் பையன்களில் ஒருவன் பாங்க் டீமுக்குப் போனான், இன்னொருவன் கடலுக்கே போனான். ஆர்டர் குறைந்தது, வெளிநாட்டிலிருந்து பாதி விலையில் வால்வு வருகிறது என்றார்கள், ஒரு ஷிஃப்டை மூடினார்கள், டீமில் அப்ரென்டிஸ் பையன்களை இறக்கினார்கள், மீசை முளைக்காதவர்கள், இவர் மட்டும் பின்னால் தனியாக. ஒரு வருஷம் முழுக்கச் சங்கு ஊதவில்லை. ஷிஃப்டுக்கு ஊதியது, கோலுக்கு ஊதவில்லை. நாங்கள் என்ன நினைத்தோம்? மேட்ச் நடக்கவில்லை என்று நினைத்தோம். சத்தியமாக. குழாயடியில் நின்று, "இந்த வருஷம் ஆட்டம் இல்ல போலிருக்கு" என்று பேசிக்கொண்டோம். ஆட்டம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, வாராவாரம், வாராவாரம் இவர் ஐந்து, ஆறு என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், வரும் வழியில் பொதுக்குழாயிலேயே காலைக் கழுவிவிட்டு வந்ததால் எனக்கு அந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஃபேக்டரியிலும் அதேதான். நோட்டீஸ் போர்டில் நல்ல செய்தி மட்டும் ஒட்டினார்கள், ஒன்றும் ஒட்டாத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தோம், ஒரு காலையில் கேட்டைத் திறக்கவில்லை. மகள் போன வருஷம் போனில் தேடி ஒரு படம் காட்டினாள், துரையின் ஊர் ஸ்டேடியமாம், அங்கேயும் ஃபேக்டரி படுத்து, கிளப் படுத்து, புல் இடுப்பளவு, நடுவில் ஆட்டுமந்தை மேய்கிறது. இவர் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "போஸ்ட் நிக்குது, வலையைக் காணோம் பாரு" என்றார். அந்தப் பச்சை ஜெர்சி துரை கழற்றிக் கொடுத்ததுதான், அவர் சின்ன வயதில் அந்த ஊரில் கோல் நின்றபோது போட்டது, கம்பளி, முழங்கையில் பஞ்சு வைத்துத் தைத்தது, இந்த ஊர் வெயிலுக்கு அதைப் போடுகிறவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். எத்தனை தடவை இழை இழுத்துத் தைத்திருக்கிறேன், அந்த வலது கக்கத்தில் இப்போது என் நூல்தான் அதிகம், ருமேனியா குறைவு.

பூம்.

ஒண்ணு. சொல்லிவிட்டேன், வாய் தன்னாலே சொல்லிவிட்டது, மூன்று வீடு தள்ளி ஜொகராவின் குரல், "ஒண்ணுக்கா!" ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை எழும்பிப் போயிற்று, பாவம், அது பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, வெட்கமில்லாத உடம்பு, கிழவர்கள் போட்ட கோலுக்கு. காஜா மைதீன் இப்போது சாகலாம், ஊதிவிட்டார். ஐயோ, யார் சாகலாம் என்று என்ன பேச்சு இது. நாம் ஒரு கோல் போட்டோம். சரி. அந்தப் பக்கம் என்ன? சங்கு எதிர்ப்பக்கத்துக் கோலைப் பற்றிச் சொல்லுமா? இவரைப் பற்றிச் சொல்லுமா? ஃபவுண்டரியில் ஆள் மேல் உருக்கு கொட்டினால் நீளமாக ஊதும், நிறுத்தாமல், அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் கேட்டுக்கு ஓடியிருக்கிறோம், அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு. போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு ஒருவர் நெஞ்சைத் தடவினால் அதற்கு எந்தச் சங்கு? எல்லாரும் அந்தக் கோடியில் கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். இந்தக் கோடியில் கோல்கீப்பர் தனியாக இருப்பார். நல்ல செய்தி வருகிற சமயத்தில்தான் அவர் பக்கம் யாரும் இருப்பதில்லை. இது எனக்கு இத்தனை வருஷமாக ஏன் தோன்றவில்லை, 'ஒண்ணு' என்று கத்தின ஒவ்வொரு தடவையும் அவர் அந்தப் பக்கம் ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தார் என்பது? அடுப்பை அணைத்தேன். விசில் வரவில்லை, வராவிட்டால் போ, கடலை வேகாவிட்டால் கிழவர்களுக்குப் பல்லா இருக்கிறது. துணிப்பையில் மாத்திரையைப் போட்டேன். அரிசி டிரம்மைத் திறந்து கையுறையையும் எடுத்தேன், அரிசிக்குள் ரப்பர் கிடந்தால் வாடை பிடிக்கும், அதனால்தான், வேறு ஒன்றுமில்லை.

நைட்டி, மேலே துண்டு. கான்வென்ட் படித்தவள் நைட்டியோடு தெருவில். சிஸ்டர் யூஃப்ரேசியா பார்த்தால் சிலுவை போட்டுக்கொள்வார், "ரெஜினா, எ லேடி டஸ் நாட் ரன்", வராந்தாவில் ஓடினால் திரும்பப் போய் நடந்து வரச் சொல்வார், பதினோரு வருஷம் நடக்கவைத்தார், ஓடவே தெரியாமல் போய்விட்டது, இப்போது பாருங்கள், ஓடவும் இல்லாமல் நடக்கவும் இல்லாமல் ஒரு நடை, வாத்து நடை, செருப்பு வேறு இவருடையதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், வார் நன்றாகத்தான் இருக்கிறது, அறுந்ததே இல்லை, பொய்யர். கேன்டீன், கூரை இல்லை. கூட்டுறவுப் பண்டகசாலை, கதவு இல்லை. தபால் பெட்டி மட்டும் சிவப்பாக நிற்கிறது, யார் போடுகிறார்களோ, யார் எடுக்கிறார்களோ. நீளச் சங்கு ஊதிவிடாதே, ஊதிவிடாதே, மாதாவே, இப்போது காஜா கை அந்த ஸ்விட்சிலேயே இருக்கட்டும், அமுக்காமல் இருக்கட்டும். கூச்சல் கேட்கிறது. எந்த மாதிரிக் கூச்சல்? சந்தோஷமா, ஆள் விழுந்ததா? தூரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது. கேலரிப் பக்கம் போனால் நாலு பேர் கேட்பார்கள், நைட்டியைப் பார்ப்பார்கள், நான் வேலிகாத்தான் புதருக்குள் புகுந்து பின்பக்கமாகப் போனேன், முள் துண்டைப் பிடித்து இழுத்தது, விட்டுவிட்டேன், வைத்துக்கொள். வலை. வலைக்குப் பின்னால் பச்சை. நிற்கிறார். இரண்டு காலில் நிற்கிறார். போஸ்ட்டைத் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பளி முதுகு முழுக்க நனைந்து கறுத்திருக்கிறது, தொப்பையில் ஏறிப்போய்ப் பின்னால் பனியன் தெரிகிறது, வலது கக்கத்தில் என் தையல் விட்டிருக்கிறது.

"என்னங்க." திரும்பவில்லை. "என்னங்க, காது கேக்கலியா?" திரும்பாமலே, "வரமாட்டேன்னு சொன்ன" என்றார், மூச்சு வாங்குகிறது. "மாத்திரையை மறந்துட்டு வந்தா?" "மறக்கல." "பின்ன?" "பை இல்ல." "அது எனக்குத் தெரியாதா? இங்க வாங்க, வாயைத் திறங்க." "பெனால்டி ரெஜி. பேசாத." அப்போதுதான் பார்த்தேன், எல்லாரும் ஒதுங்கி நிற்கிறார்கள், பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு ஒரு பையன் பின்னால் நடந்து போகிறான், தோல்ஷாப் சூசையின் மகன், அப்பன் மாதிரியே வளைந்த கால். நடுவர் யார் என்று பார்த்தால் எங்கள் டைம் ஆபீஸின் பழைய டைம்கீப்பர். "விழக் கூடாது, சொல்லிட்டேன். விழுந்தீங்கன்னா உள்ள வந்துடுவேன்." பந்தையே பார்த்தார். "கேக்குதா, நின்ன இடத்துல நில்லுங்க, டாக்டர் நிக்கத்தான் சொன்னார்." அப்போது திரும்பிப் பார்த்தார். என்னை, நைட்டியை, கலைந்த தலையை, முள் கீறின கையை. என்ன பார்வை அது, ஆஸ்பத்திரிப் பார்வை இல்லை, வேறு, நான் சொன்னதை அப்படியே வாங்கி எங்கேயோ வைத்துக்கொள்கிற மாதிரி. திரும்பி நின்றார். பையன் ஓடிவந்தான். பந்து இடது பக்கம், மெதுவாக, தரையோடு, கிழவர் என்று இரக்கப்பட்டு அடித்த பந்து, ஒரு அடி எடுத்துவைத்துக் கையை நீட்டினால் எட்டும், கை நீளம் என்றுதானே வேலை கொடுத்தார்கள். இவர் நின்றார். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் சொன்ன மாதிரி, நின்ன இடத்தில் நின்றார், தலையை மட்டும் திருப்பிப் பந்து போவதைப் பார்த்தார், அது என் காலுக்கு நேரே வந்து வலையில் முட்டி நின்றது. தோல்ஷாப்காரர்கள் கத்தினார்கள். எங்கள் ஆட்கள் நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். நான் டைம் ஆபீஸ் கூரையைப் பார்த்தேன், தெரிந்துகொண்டே பார்த்தேன். சங்கு வாயைத் திறந்தபடி சும்மா இருக்கிறது. இதுதானா, வாராவாரம் அந்த வருஷம் முழுக்க இவர் கேட்டது இதுதானா, இப்படியா இருக்கும், காது அடைத்த மாதிரி, தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி. நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தை எடுக்க உள்ளே வந்தார். குனிந்தார், தொடையில் கையை ஊன்றிக் குனிந்தார், வலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், முகத்துக்கு முகம். "நின்னுட்டேன். திருப்தியா?" கேலியும் இல்லை, கோபமும் இல்லை. முட்டாள் மனிதர், மூக்குநுனியில் வேர்வை. திருப்தியா என்றால்? இதற்குத்தானே வந்தேன், நிற்கவைக்கத்தானே வந்தேன், நின்றுவிட்டார், உயிரோடு நிற்கிறார், இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், குழாயைத் திறந்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு நிற்பார், நான் தட்டு வைப்பேன், அப்புறம் எத்தனை வருஷம் இருந்தாலும் இந்தப் பந்து இடது பக்கம் போய்க்கொண்டே இருக்கும். "வாயைத் திறங்க" என்றேன். திறந்தார். வலைக் கண்ணிக்குள் விரலை விட்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன், மணப்பாறை வாயில் வெற்றிலை வாசனை, டாக்டர் அதையும் வேண்டாம் என்றிருந்தார். "வலிக்குதா?" தலையை ஆட்டினார், இல்லை என்றா ஆமாம் என்றா, இவருக்கு இரண்டுக்கும் ஒரே ஆட்டல். நடுவர், "தனிஸ், பந்து!" என்று கத்தினார். துணிப்பையில் கையை விட்டுக் கையுறைகளை எடுத்து வலைக்கு அடியில் தள்ளினேன். பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க இருந்துச்சு?" "நீங்க தேடாத எடத்துல. போட்டுக்குங்க. போட்டுக்கிட்டு நிமிந்து நில்லுங்க. அந்தத் தோல்ஷாப் பய மறுபடி வருவான், இடது பக்கம்தான் அடிப்பான், அவங்கப்பனும் அதே பக்கம்தான் அடிப்பான்னு நீங்கதான் தூக்கத்துல புலம்புவீங்க. இன்னொண்ணை நின்னுக்கிட்டே விட்டீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க." அவர் கையுறையை மாட்டி விரலை விரித்தார், உள்ளேயிருந்து அரிசி பொலபொலவென்று கோல் கோட்டில் கொட்டியது, சிரித்துவிட்டார், வாய்க்குள் மாத்திரை இருப்பதால் கோணலாக. பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு முன்னால் நடந்தார், முழங்காலை மடக்கி, கையை அகலமாக விரித்து, அந்த இடத்தில் நான் பார்த்தேயிராத ஒரு ஆள் நின்றார். அட்டையிலிருந்து அடுத்த மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன். வேர்வையில் கரைகிறது. கரையட்டும், இன்னும் இருக்கிறது.